சீகாழி ரங்கநாதனார்

சோழநாட்டுத் தலங்களுள் சீகாழி என்னும் பெயரைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவார் திருஞானசம்பந்தரே. குளக்கரையில் நின்றழுத குழவி ஞானப்பால் உண்டு பாடிய வரலாற்றை அறியாதார் நம்மில் இலர். பன்னூறாண்டுகட்குப் பின்னர், 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அவ்வூரிலேயே மற்றொரு குழவி பிறந்தது. ஞானப்பாலைத் தான் உண்டதோடு அமையாது, அதனை அடைத்து வைத்திருந்த கலத்தின் மூடியையும் ஊரார் பொருட்டுத் திறந்து வைத்த பெருமை அக்குழவிக்கு உரியதாயிற்று. சீகாழி இராமாமிருத ரங்கநாதன் என்னும் அப்பெரியாரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எழுதுதற்குக் காரணமும் உண்டு. அறிவு நூல்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் இணையத்தின் வழியே யாவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டுமென்று இந்நாளில் உலகெங்கும் ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. திறந்த அணுக்கம் என்று அதனை வழங்குகின்றனர். இச்சொல் இணையத்தோடு பிறந்ததென்றே மாணவர் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. 1894-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிளார்க்கன்வெல் பகுதியிலிருந்த பொது நூல்நிலையத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்பவர் அலமாரிகளின் அடைப்பை நீக்கி, படிப்போர் உள்ளே சென்று தாமே நூல்களை எடுத்துப் பார்க்கலாமென விதித்தார். அம்முறைக்கு நூல்நிலையத்தார் இட்ட பெயரே இது. நம் நாட்டில் அம்முறையை நாட்டி, அதற்கு ஓர் அறநெறியின் வலிமையையும் சட்டத்தின் துணையையும் தேடித் தந்தவர் ரங்கநாதனார்.

இவர் தந்தையார் இராமாமிருத ஐயர் சிறு நிலவுடைமையாளர். ஊரார்க்கு இராமாயணம் வாசித்துப் பொருள் கூறும் வழக்கமுடையவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். மைந்தர்க்கு ஆறு வயது நிரம்பிய காலத்தே தந்தையார் இறந்தனர். அதன்பின் உற்றார் ஆதரவிலும் ஆசிரியர் அரவணைப்பிலும் வளர்ந்து, உள்ளூர் உயர்தரப் பாடசாலையில் பயின்று, மேற்படிப்பிற்காகச் சென்னை கிறிஸ்தவக் கலாசாலையை அடைந்தார். உடல்நலம் குன்றியவர், பேச்சிலோ திக்குவாய். இவ்விரண்டும் ஒருவரை ஒதுங்கி வாழச் செய்யப் போதியன. இவரோ அவற்றைப் பொருட்படுத்தாது உழைத்து, திக்குவாயையும் நாளடைவில் பெரும்பாலும் வென்றார்.

அக்காலத்தில் கிறிஸ்தவக் கலாசாலை தாம்பரத்துச் சோலைக்கு இன்னும் பெயர்ந்திலது. உயர்நீதி மன்றத்திற்கு எதிரே, ஜார்ஜ் டவுனின் இரைச்சலுக்கு நடுவே அஃது இருந்தது. அங்குக் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் எட்வர்டு ராஸ் என்னும் ஸ்காத்லாந்து நாட்டினர். ரங்கநாதனார் 1913-இல் பி. ஏ. பட்டமும் 1916-இல் எம். ஏ. பட்டமும் பெற்றது இவரிடம் பயின்றே. ஆசிரிய மாணாக்கர் உறவு பரீட்சையோடு முடிந்துபோதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இவ்விருவர் உறவோ அங்ஙனம் முடிந்திலது. பிற்காலத்தில் மாணாக்கர் ஒரு சாத்திரத்தையே படைத்த பொழுதும் ராஸ் ஆசிரியரின் சொல் ஒன்று அதன் கால்கோளாக அமைந்தமையைப் பின்னர்க் கூறுவோம். மிஷன் கலாசாலைகளின் பணியை அளக்கப் புகுவோர் கட்டடங்களையும் தேர்ச்சிக் கணக்குகளையும் எண்ணுவதைக் காட்டிலும் இத்தகைய உறவுகளை எண்ணுதல் நன்றென்பது எம் கருத்து.

சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1917-இல் மங்களூர் அரசினர் கலாசாலையில் கணித ஆசிரியராய் அமர்ந்தார். பின்பு கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாகாணக் கலாசாலையிலும் பணியாற்றினார். ஆசிரியர்க்குக் கிடைத்த ஊதியம் சிறிது. அதனை உயர்த்துதற்கு ஆசிரியர் சங்கத்தின் செயலாளராய் நின்று முயன்றவருள் இவரும் ஒருவர்.

சென்னைச் சர்வகலாசாலை தனது நூல்நிலையத்திற்கு ஒரு தலைவரை நியமிக்கக் கருதிய செய்தி அப்பொழுது வெளிவந்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரவர் விண்ணப்பித்தனர் என்பர். அவருள் அத்துறையிற் பயிற்சியுடையார் ஒருவரேனும் இலர். ரங்கநாதனாரும் விண்ணப்பித்தார், நூல்கள்மீது கொண்ட காதலால் அன்று, சம்பளம் மிகுதியாயிருந்தமையால். விண்ணப்பித்ததையே மறந்திருந்த நிலையில் நேர்முகத்திற்கு அழைப்பு வரவே, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூல்நிலையம் பற்றிய கட்டுரையைச் சில நாட்களுக்கு முன் வாசித்துவிட்டுச் சென்றார். அவ்வளவே அவர்தம் புலமை. ஆயினும் அவரே தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெரியோர் வரலாறு எழுதுவோர் தொட்டிற் பருவத்திலேயே பிற்கால மேன்மைக்கு அறிகுறி காட்டுதல் வழக்கம். இவ்வரலாற்றில் அதற்கு இடமில்லாமையை ஒளியாது கூறுகின்றோம்.

1924-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் பதவியேற்றார். வகுப்பறையின் ஆரவாரத்திலே பழகிய அவர்க்கு அந்நூல்நிலையத்தின் தனிமை தாங்கொணாத் துன்பமாயிற்று. வருவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. நூல்கள் உறங்கின, அவற்றைக் காப்பதற்கென அமர்ந்தவரும் உறங்கவேண்டியதுதான். சில வாரங்களிலேயே சலிப்புற்று, கணிதம் கற்பிக்கும் பழைய வேலையையே தமக்குத் திருப்பித் தரும்படி மேலோரை இரந்தார். இங்கிலாந்து சென்று அந்நாட்டு நூல்நிலைய முறைகளைக் கற்றுவருக, வந்த பின்னரும் வெறுப்பு நீங்காதாயின் பழைய வேலை கிடைக்கும் என்று அவர்கள் உடன்படிக்கை செய்து அனுப்பினர். அன்று அவர் விரும்பியபடியே விட்டிருப்பின், நல்ல கணித ஆசிரியர் ஒருவர் கிடைத்திருப்பர். இந்திய நூல்நிலையங்களின் நிலை எங்ஙனம் இருந்திருக்குமோ, யாம் அறியோம்.

இலண்டன் சர்வகலாசாலைக் கலாசாலையில் நூல்நிலையப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கு பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் நூற்பகுப்பு முறையைப் பயின்றார். வகுப்பிற் கற்றதினும் வெளியே கண்டதே அவர் மனத்தை மாற்றியது. நூற்றுக்கு அண்மையான நூல்நிலையங்களைத் தேடிச்சென்று பார்த்தார். தொழிலாளரும் சிறுவரும் இல்லத்தரசியரும் அலமாரிகளின் இடையே உரிமையோடு உலாவி, விரும்பிய நூலை எடுத்துப் புரட்டுவதையும், அவர்கட்கு வழிகாட்டவே அங்குப் பணியாளர் நிற்பதையும் நேரிற் கண்டார். நூல்களைக் காவல் செய்தல் வேறு, நூல்களால் மக்கட்குத் தொண்டு செய்தல் வேறு என்னும் உண்மை அவர்க்கு அங்கே புலனாயிற்று. கணித ஆசிரியராகத் திரும்பும் எண்ணம் அன்றே அகன்றது.

அவ்விலண்டனிலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. செல்ஃபிரிட்ஜ் என்னும் பேரங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட சில தகடுகள், கம்பிகள், திருகாணிகள், சக்கரங்கள், இவையே அதன் உறுப்புக்கள். அவற்றையே வெவ்வேறு வகையாகப் பூட்டிப் பலப்பல பொம்மைகளை அவர் செய்தார். கண்டு நின்ற ரங்கநாதனார்க்கு ஒரு கருத்து மின்னிற்று. அதுவரை வழங்கிய பகுப்பு முறைகளில், தோன்றக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓரெண் செய்து வைப்பர். எதிர்பாராத புதுப்பொருள் தோன்றின் அதற்கு இடமிராது. அதற்கு மாறாகச் சிறு உறுப்புக்களை மட்டும் செய்து வைத்து, நூல் வருந்தோறும் அவற்றைப் பூட்டிக்கொண்டால் எந்தப் புதுப்பொருளுக்கும் இடமுண்டாகுமன்றோ? உறுப்புக்களைப் பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளியை அவர் தேர்ந்தார். அதனால் அம்முறை கோலன் பகுப்பு எனப் பெயர் பெற்றது. 1925-இல் தாயகம் திரும்பும் வழியில், கப்பலிலிருந்த நூல்களையே அம்முறைப்படி வகுத்துப் பழகினாராம்.

அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நுரையீரற் காசநோய்க்கு எக்ஸ் கதிரால் செய்யும் சிகிச்சை குறித்து 1950-இல் இந்தியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சியைக் கூறும் நூல் ஒன்று உளதென்று கொள்வோம். மருத்துவம் என்பது துறை, நுரையீரல் உறுப்பு, காசநோய் கோளாறு, சிகிச்சை செயல், எக்ஸ் கதிர் கருவி, இந்தியா இடம், 1950 காலம். ஒவ்வொன்றற்கும் உரிய குறியை எடுத்து வரிசையாகப் பூட்டினால் நூலின் இருப்பிடம் தானே அமையும். 1933-இல் இப்பகுப்பு நூல் வெளிவந்தது. குறியீடுகள் நீண்டு கடுமையாயிருத்தலால் இதனைக் கைக்கொண்ட நூல்நிலையங்கள் நம் நாட்டிலேயே சிலவாயின. பிற நாடுகளில் மிகச் சில. இதனை மறைத்தற்கில்லை. ஆயினும் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் காணும் அக்கருத்து மட்டும் உலகெங்கும் பரவிற்று. இணைய அங்காடியில் சட்டை வாங்கப் புகும் மாணவர் அளவு, நிறம், விலை என ஒவ்வொன்றாகக் குறித்துத் தேடலைச் சுருக்குகின்றனரே, அதன் அடிப்படையும் இத்தகைய முகப்பகுப்பேயாம்.

இனி, சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையத்திற்கு மீள்வோம். நூல்களைப் பூட்டிவைத்தல் எல்லா நாட்டிற்கும் பொதுவான பழம்பழக்கம். ஐரோப்பாவின் மடங்களிலும் கோயில்களிலும் நூல்களைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர். நம் நாட்டிலோ ஏடுகளைப் பரண்மீது கட்டிவைத்து, ஆண்டுக்கொருமுறை பூசித்து, கறையானுக்கு ஈந்தனர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டாரும் உளர். அச்சு நூல் வந்த பின்னரும் மனம் மாறவில்லை. படிக்க விரும்புவோன் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருப்பான்; சேவகன் உள்ளே சென்று தேடி, கிடைத்தாற் கொண்டுவருவான்; கிடையாதெனின் இல்லை என்பதே விடை. எந்த நூல் வேண்டுமென்று முன்னரே அறிந்தவனுக்கன்றி ஏனையோர்க்கு அந்நூல்நிலையம் இல்லாததற்கு ஒப்பாகும். அறியாதவனோ அறிந்துகொள்ளவே அங்கு வருகின்றான்!

ரங்கநாதனார் அத்தடையை அகற்றினார். அலமாரிகளிடையே யாவரும் செல்லலாம். எந்நூலையும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு பொருள் பற்றிய நூல்கள் அடுத்தடுத்து நிற்குமாறு வகுத்தார். நூல்நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். விடுமுறை நாட்களிலும் கதவடைக்காமற் செய்தார். வந்தோரின் தேவையை உசாவி உரிய நூலைக் காட்டுதற்குப் பணியாளரைப் பழக்கினார். 1936-இல் கடற்கரையோரத்தில் நூல்நிலையத்திற்குத் தனிக் கட்டடமும் எழுந்தது.

நூல்கள் களவு போமே என்றனர் பலர். அவ்வச்சம் பொய்யன்று, சில நூல்கள் காணாமற் போதல் உண்மையே. காவலையே பெரிதெனக் கொண்டால், ஒருவரும் உட்புகாத நூல்நிலையமே தலைசிறந்ததாகும். ஆயிரவர் ஆயிரம் நூல்களைக் கண்டெடுத்துப் பயனுறும்பொழுது சில நூல்கள் இழப்புறுமாயின், அவ்விழப்பைத் தொண்டின் செலவாகவே கருதவேண்டுமென்பது அவர் கொள்கை. கணித ஆசிரியராதலின், இழப்பை மட்டும் எழுதிப் பயனை எழுதாத கணக்கை அவர் கணக்காக ஏற்றிலர். கணக்குத் தணிக்கையாளர்க்கு அஞ்சி நூலுக்குப் பூட்டிடும் வழக்கம் இன்றும் பல கலாசாலைகளில் உளது. அவர் கொள்கையை ஏட்டளவில் போற்றும் இடங்களும் அவற்றுள் அடங்கும்.

இவ்விடத்து நம் காலத்து நிலையைச் சிறிது நோக்குதல் தவறாகாது. ஓர் ஆராய்ச்சியாளர் பொதுமக்கள் வரிப்பணத்தின் துணைகொண்டு ஆராய்ந்து கட்டுரை எழுதுகின்றார். பத்திரிகையார் அவர்க்கு ஊதியம் அளிப்பதில்லை. அதனை மதிப்பிடும் பிற அறிஞர்க்கும் பெரும்பாலும் ஊதியமில்லை. வெளியிடும் நிறுவனமோ அதனை இணையத்தில் பூட்டி வைத்து, அவ்வாராய்ச்சியாளர் பணிபுரியும் கலாசாலைக்கே பெருவிலைக்கு விற்கின்றது. இதற்கு மாறாக, 2002-ஆம் ஆண்டில் புடாபெஸ்டு நகரிலிருந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை யாவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டுமென்பது அதன் சாரம். நம் அரசினர் ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்தை 2025-இல் தொடங்கினர். மூன்றாண்டிற்கு 6,000 கோடி ரூபாய் அளவில், ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை அரசினர் கல்வி நிலையங்கள் பெறுதற்கு இதில் வழி செய்யப்பட்டது. பெரும் பயனுடையதே, ஐயமில்லை. ஆயினும் இது பூட்டை அகற்றுவதன்று, சிலர்க்குத் திறவுகோல் வாங்கித் தருவது. திறவுகோல் உடையார் யார், இல்லாதார் யார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. நம் கலாசாலையிற் பயின்று வெளியேறிய பழைய மாணவரைக் கேட்டால் இதன் பொருள் விளங்கும். பட்டம் பெற்ற சின்னாட்களில் அவர்தம் கடவுச்சொல் செயலற்றுப் போகின்றது. சிற்றூர்ப் பள்ளியிற் கற்பிக்கும் அவர், தாம் முன்னர்த் தடையின்றிப் படித்த பத்திரிகையின் ஒரு கட்டுரையை இப்பொழுது காணவேண்டின், ஒரு வாரச் சம்பளத்தை அளிக்க நேரினும் நேரும். சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருந்த பழைய மாணவனாவது கட்டணமின்றிக் காத்திருந்தான்.

வரலாற்றைத் தொடர்வோம். தாம் கண்ட முறைகட்கெல்லாம் அடிப்படையாகச் சில கொள்கைகள் இருத்தல் வேண்டுமென்று ரங்கநாதனார் எண்ணலானார். இயற்கை விதிகள் சிலவற்றினின்று பௌதிக சாத்திரம் முழுவதும் கிளைத்தெழுதல் போல, நூல்நிலையச் செயல்கள் யாவும் கிளைத்தெழும் வித்து யாது என்று இரவும் பகலும் சிந்தித்தார். ஒருநாள் மாலை ராஸ் ஆசிரியர் அவரைக் காண வந்தார். மாணாக்கரின் திகைப்பைக் கேட்ட அவர், நூல்கள் பயன்படுதற்கே என்பதுதானே நீ கருதுவது என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டுப் போயினர். தேடிய வித்து கிடைத்தது. ஏனைய நான்கும் அதனினின்று முளைத்தன. படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூல்நிலையமோ உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவ்வைந்து விதிகளையும் விரித்து அவர் எழுதிய நூல் 1931-இல் வெளியாயிற்று. கேட்குங்கால் இவை குழந்தையும் அறிந்தவை போல் தோன்றும். இரண்டாம் விதியில் உள்ள ஒவ்வொருவர்க்கும் என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குமின். செல்வர் வறியர், ஆடவர் பெண்டிர், நகரத்தார் நாட்டுப்புறத்தார், கண்ணுடையார் கண்ணில்லார் என்று எவரையும் அச்சொல் விலக்கவில்லை. அந்நூல் தோன்றிய நாளில் நம் நாட்டில் எழுத்தறிந்தோரே நூற்றுவர்க்குப் பதின்மர் அளவினர்.

இத்துணைப் பணிகட்கு இடையே 1928-ஆம் ஆண்டு அவர் இல்லத்திற்கு ஒரு பேரிடர் வந்தது. இளமையிலேயே மணந்த மனைவியார் ருக்மிணி அம்மையார், கோயிற் குளத்தில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். பின்னர்ச் சாரதை அம்மையாரை மணந்தார். அத்திருமணம் முடிந்த அன்று பிற்பகலே அவர் நூல்நிலையத்திற்கு வேலைக்குச் சென்றுவிட்டார் என்பர். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும், இருபதாண்டு விடுப்பின்றி உழைத்தாரென அவரை அறிந்தோர் வியந்து எழுதியுள்ளனர். நாமும் வியக்கின்றோம், ஆயினும் அவ்வியப்பில் ஒரு பங்கு அவ்வம்மையாரின் பொறுமைக்கும் உரியதென்று கருதுகின்றோம்.

சர்வகலாசாலையின் நான்கு சுவர்க்குள் இரண்டாம் விதி நிறைவேறாதென்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1928-இல் சென்னை நூல்நிலையச் சங்கம் நிறுவப்பெற்றது. அவரே அதன் செயலாளர். மறுவருடமே கோடை விடுமுறையில் நூல்நிலையப் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று; ஊர்தோறும் உள்ள ஆசிரியர்கள் வந்து பயின்று சென்றனர். சங்கத்தின் ஊக்கத்தால் விளைந்த செயல்களுள் எம் மனத்தைக் கவர்ந்தது மன்னார்குடி வண்டியே. அப்பகுதியைச் சார்ந்த கனகசபைப் பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற எஞ்சினியர் மாட்டுவண்டி ஒன்றை நூல்நிலையமாகச் சமைத்தார். 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது புறப்பட்டது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய வண்டிகள் செல்லும் தடத்தில், நூல்களை ஏற்றிக்கொண்டு இரு காளைகள் சிற்றூர்களை நோக்கி நடந்தன. நூலிடம் மக்கள் வாராராயின் மக்களிடம் நூல் செல்க என்னும் கருத்துக்கு இதனினும் எளிய உருவம் வேறு யாது?

வண்டிகள் நன்கொடையால் ஓடுவன. கொடுப்போர் கை சலித்தால் நின்றுவிடும். ஆதலால் நூல்நிலையம் தருமமாக இருத்தலாகாது, உரிமையாக இருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். உரிமைக்குச் சட்டம் வேண்டும். சட்டத்திற்குப் பணம் வேண்டும். 1930-ஆம் ஆண்டின் இறுதியில் காசியில் ஆசியக் கல்வி மாநாடு கூடியபொழுது, மாதிரி நூல்நிலையச் சட்டம் ஒன்றை எழுதி அதன்முன் வைத்தார். கேட்டவர் பாராட்டினர். பாராட்டுக்கும் சட்டத்திற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அவர் ஒவ்வோராண்டும் எழுதினார், பேசினார், ஆட்சியாளர் வாயில்களில் காத்து நின்றார். கடைசியாக 1948-இல், திரு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. சொத்து வரியோடு ஒரு சிறு நூல்நிலைய வரி சேர்த்து வாங்கப்படும். மாவட்டந்தோறும் ஓர் ஆணைக்குழு அப்பணத்தைக் கொண்டு நூல்நிலையங்களை நடத்தும். நம் வீட்டு வரிச்சீட்டை எடுத்துப் பார்ப்போர் அவ்வரியை இன்றும் காணலாம். அதனைத் திரட்டும் உள்ளாட்சி மன்றங்கள் நூல்நிலையங்கட்கு உரிய காலத்தில் கொடாது நிலுவை வைத்தலைப் பற்றிய முறையீடும் நெடுங்காலமாய்க் கேட்கப்படுகின்றது. சட்டம் செய்வித்தற்கு ஒரு ரங்கநாதனார் போதுமாயினார். அதனை நடத்துவித்தற்கு ஊர்தோறும் ஒருவர் வேண்டும் போலும்.

இச்சட்டம் நிறைவேறிய காலத்து அவர் சென்னையில் இலர். துணைவேந்தரோடு நேர்ந்த மனவேற்றுமையால் 1945-இல் பதவியினின்று விலகினார். இருபதாண்டுகட்கு மேல் தாம் வளர்த்த நூல்நிலையத்தைப் பிரிந்த துயரம் அவரைச் சில காலம் வாட்டிற்று. எவரோடும் எளிதில் இணங்கிப்போகும் இயல்பினர் அவரல்லர் என்பதையும், தம் கொள்கையில் ஓரணுவும் விட்டுக்கொடாதவர் என்பதையும் சேர்த்தே கூறுதல் நேர்மை. டாக்டர் இராதாகிருஷ்ணன் அழைப்பின்பேரில் காசி இந்து சர்வகலாசாலைக்குச் சென்று, அங்குக் குவிந்து கிடந்த ஏறத்தாழ ஓரிலக்கம் நூல்களைத் தாம் ஒருவராகவே பகுத்து வகைப்படுத்தினார். ஐம்பத்து மூன்று வயதில் இளைஞரும் அஞ்சும் வேலை அது.

1947 முதல் 1954 வரை தில்லிச் சர்வகலாசாலையில் பேராசிரியராய் இருந்து நூல்நிலையக் கல்வியை நடத்தினார். அச்சர்வகலாசாலையின் பெயரைக் கூறியவுடன் பிற்காலத்து வழக்கொன்று நினைவிற்கு வருகின்றது. அதன் வளாகத்தில் மாணவர்க்குப் பாடப் பகுதிகளைப் படியெடுத்துக் கொடுத்த கடையொன்றின்மீது வெளிநாட்டுப் பதிப்பகத்தார் மூவர் 2012-இல் வழக்குத் தொடுத்தனர். கற்பித்தற் பொருட்டுப் படியெடுத்தலைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கின்றதென 2016-இல் தில்லி உயர்நீதி மன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடம் பதிப்பகத்தார் வழக்கைக் கைவிட்டனர். ரங்கநாதனார் இதனைக் கண்டிலர். மாணவரும் ஆசிரியரும் கூடி அவ்வழக்கில் தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு மன்றத்தை அணுகினர் என்பதை அறிந்திருப்பின் மகிழ்ந்திருப்பர் என்று எண்ணுகின்றோம்.

அதன்பின் சில ஆண்டு சூரிச் நகரில் தங்கி எழுதினார். 1956-இல், தம் வாழ்நாட் சேமிப்பு முழுவதுமாகிய ஓரிலக்கம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்தார். எந்நிலையத்தினின்று மனம் நொந்து விலகினாரோ அதற்கே நூல்நிலையக் கல்விப் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவும்படி கொடுத்த கொடை அது. அப்பதவிக்குச் சாரதா ரங்கநாதன் என்று தம் மனைவியாரின் பெயரை முதலில் வைத்தார்.

எஞ்சிய வாழ்நாளைப் பெங்களூரில் கழித்தார். அங்கு 1962-இல் மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தோற்றுவித்து, இளைஞரோடு இருந்து முதுமையிலும் கற்பித்தார். அரசினர் 1957-இல் பத்மஸ்ரீ விருதளித்தனர். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அவரை நியமித்தனர். கணிதத்தை அவர் முற்றும் மறந்திலர் என்பதற்கு, இராமானுஜனைப் பற்றி 1967-இல் அவர் வெளியிட்ட நூல் சான்று. 1972-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார்.

ஆகஸ்டு 12-ஆம் நாளை அவர் பிறந்தநாளாகக் கொண்டு நாடெங்கும் நூல்நிலையத்தார் ஆண்டுதோறும் கொண்டாடி வருகின்றனர். அவர் பிறந்தது அத்திங்கள் 9-ஆம் நாள் என்று கூறுவாரும் உளர். இலட்சக்கணக்கான நூல்கட்கு இடம் பிசகாது இலக்கமிட்டவர்க்கு இப்படியொரு நாட்குழப்பம் நேர்ந்தது வேடிக்கையே. எந்நாளிற் கொண்டாடினும் அன்றைக்கு நூல்நிலையத்தை விடுமுறையென்று அடைத்து வைத்தலை அவர் ஒப்பியிரார்.